வாசகரை வாசலில் நிற்க வைக்காதீர்கள்

சிறிய அமைப்புகளின் இணையதளங்களில் செய்தியோடை கட்டாயம் இருக்க வேண்டும் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழில் என் பக்கங்களை நிரப்பிவிட்டன. பழைய மடிக்கணினியை விற்பது பற்றிக் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மயிலாப்பூர் வாசகி: ஒரு சிறிய சபாவின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மார்கழிக் கச்சேரிப் பட்டியல், பாடகர் மாற்றம், நேர மாற்றம் எல்லாவற்றையும் உடனுக்குடன் தளத்தில் ஏற்றிவிடுகிறேன். ஆனாலும் ரசிகர்கள் அரங்கத்துக்கு வந்து நின்றுகொண்டு, "எங்களிடம் சொல்லவே இல்லையே" என்கிறார்கள். செய்தியோடை வைத்தால் இந்தத் தொல்லை தீருமா? அது என்னதான் செய்யும்?

பாதி தீரும். மீதிப் பாதிக்கும் வழி இருக்கிறது, சொல்கிறேன்.

உங்கள் தளத்தில் புதிதாக ஒன்று ஏறியிருப்பது ரசிகருக்கு எப்படித் தெரியும்? அவரே தினமும் வந்து பார்க்க வேண்டும். முதல் வாரம் பார்ப்பார். இரண்டாவது வாரம் அவருக்கு வேறு வேலை இருக்கும். தளம் என்பது அவர் வந்து பார்த்தால் மட்டுமே பேசுகிற அறிவிப்புப் பலகை.

செய்தியோடை (ஆங்கிலத்தில் ஃபீட், ஆர்.எஸ்.எஸ். என்பார்கள்) என்பது தளத்தோடு இருக்கும் ஒரு சின்னக் கோப்பு. கடைசியாக ஏற்றிய பத்துப் பதினைந்து பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, தேதி, உள்ளடக்கம் ஆகியவை அதில் இருக்கும். மனிதர்கள் படிப்பதற்கு அல்ல, மென்பொருள்கள் படிப்பதற்கு என்று எக்ஸ்.எம்.எல். வடிவத்தில் எழுதப்பட்டிருக்கும். ரசிகர் தன் கைப்பேசியில் ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஓடைவாசிப்பான் ஒன்றை வைத்திருப்பார். கணினிக்காரர் என்றால் தண்டர்பேர்டே போதும். உங்கள் ஓடையை அதில் ஒரு முறை சேர்த்துவிட்டால், அந்த வாசிப்பான் அவ்வப்போது உங்கள் தளத்துக்கு வந்து "புதிதாக ஏதாவது உண்டா?" என்று கேட்டுப் போகும். இருந்தால் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைக்கும். அவர் உங்களிடம் மின்னஞ்சல் முகவரி தர வேண்டியதில்லை, கைப்பேசி எண் தர வேண்டியதில்லை. வேண்டாம் என்று தோன்றினால் அவரே நீக்கிவிடுவார். உங்களிடம் கெஞ்சவும் வேண்டாம்.

என் வாசிப்பானிலும் சில சபாக்களின் ஓடைகள் இருக்கின்றன. காலையில் திறந்தால் தலைப்புகள் வரிசையாக நிற்கும். "டிசம்பர் 21, மாலைக் கச்சேரி 6.30க்குப் பதில் 7 மணிக்கு" என்று ஒரு சபா எழுதுகிறது. அதைத் திறக்கக்கூட வேண்டாம், விஷயம் தெரிந்துவிட்டது. இன்னொரு சபா "முக்கிய அறிவிப்பு" என்று எழுதுகிறது. அதற்கு அடுத்த நாள் "மிக முக்கிய அறிவிப்பு". இந்தச் செயலாளர்களை என்ன செய்வது! ஓடையில் முதலில் கண்ணில் படுவது தலைப்பு மட்டும்தான். செய்தியைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். அறிவிப்பு முக்கியமா இல்லையா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

இப்போது மீதிப் பாதி. உங்கள் ரசிகர்களில் பலர் ஓடைவாசிப்பான் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். பரவாயில்லை. அதே ஓடையை ஒரு மின்னஞ்சல் சேவையிடம் கொடுத்தால், புதிய பதிவு ஏறும்போதெல்லாம் அது கேட்டவர்களுக்கு மடல் அனுப்பும். ஊரில் நடக்கும் கச்சேரிகளையெல்லாம் ஒரே பக்கத்தில் திரட்டித் தருகிற தளம் இருந்தால், அதுவும் உங்கள் ஓடையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நீங்கள் தட்டச்சு செய்வது ஒரு முறை, போய்ச் சேருவது பல இடங்களுக்கு. இப்போது தளத்தில் ஒரு முறை, வாட்ஸ்அப் குழுவில் ஒரு முறை, ஃபேஸ்புக்கில் ஒரு முறை என்று ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். மூன்றில் ஒன்றில் பழைய நேரம் அப்படியே நிற்கும்.

வாட்ஸ்அப் குழுவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு குழுவில் 1024 பேருக்கு மேல் இடம் கிடையாது. பாடகர் மாற்றம் என்ற செய்தி, பூங்கொத்துப் படத்தோடு வரும் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். ஃபேஸ்புக்கிலோ நீங்கள் போட்ட செய்தியை யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டாமல் விடுவது என்பதை அந்த நிறுவனத்தின் கணக்கீடு தீர்மானிக்கிறது. ஓடையில் அந்த இடைத்தரகு கிடையாது. சேர்த்தவர் அனைவருக்கும் எல்லாச் செய்தியும் ஏறிய வரிசையில் கிடைக்கும். அதற்காகவே நான் இதை விடாமல் வற்புறுத்துகிறேன். மற்ற பயன்கள் எல்லாம் உபரி.

சபா என்பதால் ஒரு எச்சரிக்கை. ஓடையில் இருக்கும் தேதி, பதிவை வெளியிட்ட தேதி. கச்சேரி நடக்கும் தேதியை அங்கே போடாதீர்கள். சில வாசிப்பான்கள் எதிர்காலத் தேதியுள்ள பதிவை உச்சியிலேயே உட்கார வைத்துவிடும். சில காட்டவே காட்டாது. கச்சேரித் தேதிகளை ரசிகர்களின் கைப்பேசி நாட்காட்டியில் நேராகச் சேர்க்க ஐகேல் என்ற வேறொரு வடிவம் இருக்கிறது. பட்டியலுக்கு அது, மாற்றங்களுக்கு ஓடை என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் சபா வாசலில் சண்டை குறையும்.

கிண்டி வாசகர்: எங்கள் தொழிற்சாலையின் தளத்தை வடிவமைப்பவர், "கூகுளே மூடிவிட்டது, செய்தியோடை செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது" என்கிறார். உண்மையா?

கூகுள் மூடியது உண்மை. கூகுள் ரீடர் என்ற வாசிப்பானை 2013 ஜூலை 1 அன்று மூடினார்கள். உலாவிகளும் பின்னாலேயே போயின. தளத்தில் ஓடை இருப்பதைக் காட்ட முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சின்னம் ஒன்று இருந்தது நினைவிருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் தன்னுள் இருந்த ஓடை வசதியையே 2018 டிசம்பரில் எடுத்துவிட்டது. கண்ணில் படாமல் போனதைச் செத்துவிட்டதாக உங்கள் வடிவமைப்பாளர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

அவர் பாட்காஸ்ட் கேட்பவரா என்று விசாரியுங்கள். பாட்காஸ்ட் என்பதே ஒலிக்கோப்பு இணைத்த செய்தியோடைதான். ஆப்பிளின் பாட்காஸ்ட் பட்டியலில் ஒரு நிகழ்ச்சியைச் சேர்க்கப் போனால் முதலில் கேட்பது ஓடையின் முகவரியை. யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. வேர்ட்பிரஸில் அமைத்த தளம் என்றால் நீங்கள் கேட்காமலேயே ஓடை இருக்கும். தள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, ஆங்கிலத்தில் ஃபீட் என்று தட்டச்சு செய்து பாருங்கள். "செத்துப்போனது" உங்கள் தளத்திலேயே உயிரோடு இருப்பது தெரியவரலாம்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கியவர்கள் டான் லிபி, ராமநாதன் குகா என்ற இருவர். குகா நம் சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர். உங்கள் தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரம். பிறகு பலர் கைபட்டு, டேவ் வைனர் 2002இல் வெளியிட்ட ஆர்.எஸ்.எஸ். 2.0 வடிவம்தான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. 2005இல் ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் இணையத் தரமாக வந்தது. எதை வைத்தாலும் வாசிப்பான்கள் படிக்கும். இந்த இரண்டில் எது நல்லது என்ற வாதத்தில் உங்கள் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று. உங்கள் தளத்தைப் பார்த்தேன். கடைசியாகப் புதுப்பித்தது எப்போது என்று உங்களுக்கே தெரியும். சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாத தளத்துக்கு ஓடை எதற்கு? விலைப்பட்டியல் மாறும்போதாவது ஒரு பதிவு போடுங்கள். உங்களிடம் உதிரிபாகம் வாங்குகிறவர்கள் அதையாவது விரும்பிச் சேர்த்துக்கொள்வார்கள்.

தாம்பரம் வாசகர், கல்லூரி மாணவர்: நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் கட்டுரைகளுக்கென ஒரு தளம் நடத்துகிறேன். ஓடையில் முழுக் கட்டுரையும் கொடுக்கலாமா, முதல் இரண்டு வரி மட்டும் போதுமா? முழுவதும் கொடுத்தால் திருடிவிடுவார்கள் என்று நண்பர்கள் பயப்படுகிறார்கள்.

முழுவதும் கொடுங்கள், தம்பி.

நீங்கள் தாம்பரத்திலிருந்து கடற்கரை ரயிலில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெரிசலில் ஒரு கை கம்பியில், ஒரு கை கைப்பேசியில். வாசிப்பான் காலையில் வீட்டு வைஃபையிலேயே கட்டுரைகளை இறக்கி வைத்திருக்கிறது. முழுக் கட்டுரை இருந்தால் சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குரோம்பேட்டை, பல்லாவரம் என்று படித்துக்கொண்டே போகலாம். இரண்டு வரிக்குப் பின்னால் "மேலும் படிக்க" என்று இருந்தால், அதைத் தொட வேண்டும். தளம் திறக்கக் காத்திருக்க வேண்டும். குக்கீ அனுமதி கேட்கும் பெட்டியை மூட வேண்டும். அதற்குள் எழும்பூர் வந்துவிடும். இரண்டு மூன்று முறை பொறுத்துப் பார்த்துவிட்டு உங்கள் ஓடையை நீக்கிவிடுவார்கள். நான் நீக்கியிருக்கிறேன்.

திருடுகிறவர் தளத்திலிருந்தே திருடுவார். ஓடையைச் சுருக்கியதற்காக மனம் மாறப்போவதில்லை. ஓடையிலிருந்து தானியங்கியாக உருவுகிற ஆள் என்றால் அவரைக் கொண்டே உங்களுக்கு விளம்பரம் தேடிக்கொள்ளலாம். ஓடையில் போகும் ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் "இக்கட்டுரை முதலில் வெளியான தளம்" என்று உங்கள் இணைப்போடு ஒரு வரி தானாகச் சேரும்படி செய்துவிடுங்கள். உருவுகிறவர் படித்துப் பார்த்து உருவுவதில்லை. அந்த வரியும் சேர்ந்தே போகும்.

வேர்ட்பிரஸ் என்றால் அமைப்புகளில் "வாசிப்பு" என்ற பகுதியில் முழு உரையா சுருக்கமா என்று கேட்கும். அங்கேயே ஓடையில் எத்தனை பதிவுகள் என்றும் இருக்கும். நீங்கள் மாற்றாவிட்டால் பத்து. ஒரே நாளில் பன்னிரண்டு கட்டுரை ஏற்றும் பழக்கம் இருந்தால், இரண்டு கட்டுரை யார் கண்ணிலும் படாமல் போகக்கூடும். எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அல்லது ஏற்றுவதைப் பரவலாக்குங்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்: சிறுபத்திரிகை ஒன்றின் தளத்துக்கு எங்கள் உறவுக்காரப் பையன் சொந்தமாக நிரல் எழுதி ஓடை அமைத்துக் கொடுத்தான். சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. வருகிறவர்களுக்கும் எல்லாக் கட்டுரையும் ஒரே தேதியில் தெரிகிறது. ஒரு சமயம் மொத்தமாக நின்றே போனது. புத்தகக் காட்சிக்கு முன் சரிசெய்ய வேண்டும்.

ஓடை முகவரியை அனுப்பியிருந்தீர்கள், திறந்து பார்த்தேன். பையன் கெட்டிக்காரன், தமிழ்ப் பற்று கொஞ்சம் அதிகம்.

தேதியில் "செவ்வாய், 06 ஜனவரி 2026" என்று தமிழில் எழுத வைத்திருக்கிறான். தளத்தில் அது அழகு. ஓடையில் அது விஷம். ஆர்.எஸ்.எஸ். வடிவத்தில் கிழமையும் மாதமும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும். நேரத்துக்குப் பின்னால் நம் நேர மண்டலமான +0530 வர வேண்டும். வாசிப்பானுக்குத் தேதி புரியாவிட்டால் தான் முதலில் பார்த்த நாளையே தேதியாகப் போட்டுக்கொள்ளும். எல்லாக் கட்டுரையும் ஒரே தேதியில் நிற்பது அதனால்தான்.

மொத்தமாக நின்றுபோனதற்குக் காரணம் ஒரு கட்டுரைத் தலைப்பில் இருந்த & குறி. "கடிதங்கள் & எதிர்வினைகள்" என்று போட்டிருக்கிறீர்கள். எக்ஸ்.எம்.எல். கோப்பில் அந்தக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு; அதை உரிய மாற்றுக்குறியாக எழுதாவிட்டால் கோப்பு முழுவதும் பிழை என்று பல வாசிப்பான்கள் தள்ளிவிடும். ஒரு குறிக்காக ஒரு மாதக் கட்டுரைகள் போய்ச் சேரவில்லை. அவசரத்துக்கு "உம்" போட்டு எழுதுங்கள், தமிழுக்கும் நல்லது. நிரந்தரத் தீர்வை நிரலில் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எழுத்துக் குறியீடு. உங்கள் பழைய இதழ்கள் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றை அப்படியே ஓடையில் விட்டால் வாசகருக்கு விநோதமான ரோமன் எழுத்துக் குவியல்தான் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றி, யு.டி.எஃப்-8 என்று கோப்பின் முதல் வரியில் அறிவித்து, பிறகு ஏற்றுங்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பின் ஓடைச் சோதிப்பான் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் எந்த வரியில் என்ன பிழை என்று சொல்லும். பையனிடம் அதைக் காட்டுங்கள். மற்றதை அவனே பார்த்துக்கொள்வான்.

நந்தனம் புத்தகக் காட்சி பற்றிச் சொன்னதால் கேட்கிறேன்: புதிய நூல்களுக்கென்று தனியாக ஒரு ஓடை வைத்தால் என்ன? கட்டுரை படிக்கிறவர்கள் வேறு, எந்த அரங்கில் என்ன நூல் என்று தேடுகிறவர்கள் வேறு. ஒரு தளத்துக்கு ஒரே ஓடைதான் என்று யாரும் சட்டம் போடவில்லை.

வேளச்சேரி வாசகி: குடியிருப்போர் நலச் சங்கத் தளத்தில் ஓடை வைத்தால், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்போது எல்லோருக்கும் உடனே எச்சரிக்கை போய்ச் சேருமா?

சேராது. அதற்கு இதை நம்பாதீர்கள். வாசிப்பான் தன் வசதிப்படிதான் உங்கள் தளத்துக்கு வந்து கேட்கும். சில கால் மணிக்கு ஒரு முறை, சில பல மணி நேரத்துக்கு ஒரு முறை. வெப்சப் என்ற ஏற்பாட்டைச் சேர்த்தால் புதிய பதிவு உடனே தள்ளிவிடப்படும் என்றாலும், எல்லா வாசிப்பான்களும் அதற்கு ஒத்துழைப்பதில்லை. தண்ணீர் ஏறும்போது மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் இருக்குமா என்பது வேறு கேள்வி. 2015 டிசம்பரைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் தட்டும் ஆட்களின் பட்டியலைத் தயாராக வைத்திருங்கள். தண்ணீர் லாரி முறை, பராமரிப்புக் கட்டணம், கூட்டத் தேதி ஆகியவற்றுக்கு ஓடை நன்றாக உதவும்.

அம்பத்தூர் வாசகர்: ஓடை வைத்தால் கூகுள் தேடலில் முதலில் வருவோமா?

வர மாட்டீர்கள். புதிய பக்கம் ஏறியிருப்பதைத் தேடுபொறி கண்டுபிடிக்க ஓடை உதவும். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிட்டுத் தேடுபொறிக்குத் தரும் தள வரைபடத்துக்கு (சைட்மேப்) பதிலாகவே கூகுள் அதை ஏற்றுக்கொள்கிறது. எந்த இடத்தில் காட்டுவது என்பது நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அப்படி உறுதி சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெரம்பூர் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இலக்கணப் பாடங்களை வாராவாரம் ஏற்றுகிறேன். மின்னஞ்சல் பட்டியல் என்றால் எத்தனை பேர் என்று தெரிகிறது. ஓடையில் யார் படிக்கிறார்கள் என்றே தெரியவில்லையே?

ஐயா, யார் என்று தெரியாது. அதை நான் குறையாக நினைக்கவில்லை. மின்னஞ்சல் பட்டியல் வைத்திருந்தால் அத்தனை பேரின் தகவலுக்கும் நீங்கள் பொறுப்பாளி. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஓடையில் உங்களிடம் யாருடைய தகவலும் இல்லை. தொலைப்பதற்கும் ஒன்றும் இல்லை.

தோராயமான எண்ணிக்கை வேண்டுமானால் வழி இருக்கிறது. ஃபீட்லி போன்ற சேவைகள் உங்கள் ஓடையை எடுக்க வரும்போது, தங்களிடம் அதை இத்தனை பேர் சேர்த்திருக்கிறார்கள் என்று தங்கள் அடையாள வரியிலேயே சொல்லிவிட்டுப் போகும். தள வழங்கியின் (சர்வரின்) வருகைப் பதிவேட்டைத் திறந்து அந்த வரியைத் தேடச் சொல்லுங்கள். தங்கள் கணினியிலேயே வாசிப்பான் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஆகவே உண்மையான எண்ணிக்கை அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இப்படி அடிக்கடி வந்து கேட்பதால் வழங்கிக்குச் செலவாகுமே என்றும் எழுதியிருந்தீர்கள். வழங்கி சரியாக அமைந்திருந்தால் ஆகாது. "சென்ற முறைக்குப் பிறகு ஏதாவது மாறியதா?" என்று வாசிப்பான் கேட்கும், மாறவில்லை என்றால் 304 என்ற ஒரு சிறு பதிலோடு வழங்கி முடித்துக்கொள்ளும். கோப்பு முழுவதும் போகாது. உங்கள் வழங்கியில் இந்த வசதி இயங்குகிறதா என்று மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சைதாப்பேட்டை வாசகர்: தளத்தின் முகவரியையே மாற்றப் போகிறோம். ஓடையில் சேர்ந்திருக்கும் வாசகர்களை இழந்துவிடுவோமா?

கவனமாகச் செய்தால் ஒருவரையும் இழக்க மாட்டீர்கள். பழைய ஓடை முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் போடுங்கள். ஒழுங்கான வாசிப்பான்கள் அதைப் பார்த்துத் தங்களிடம் உள்ள முகவரியைத் தாங்களே மாற்றிக்கொள்ளும்.

ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு அடையாளக் குறி இருக்கும். பல தளங்களில் பதிவின் முகவரியையே அதற்குப் பயன்படுத்துகிறார்கள். புதிய முகவரிக்கு மாறும்போது பழைய பதிவுகளின் அடையாளக் குறியை மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் ஓடையில் இருக்கும் பழைய பதிவுகள் அத்தனையும் புதிது என்று நினைத்து வாசிப்பான்கள் மறுபடியும் கொண்டுபோய்க் கொட்டும். போன தீபாவளி வாழ்த்து இந்தப் பொங்கலுக்கு வந்து நிற்கும்.

பழைய முகவரிக்கான ஆண்டுக் கட்டணத்தை இன்னும் சில ஆண்டுகள் கட்டி வாருங்கள். விட்டுவிட்டால் யாராவது அதை வாங்கி, பழைய ஓடை இருந்த இடத்திலேயே சூதாட்ட விளம்பரத்தை ஓடவிடுவார்கள். இன்னும் மாறாத வாசகர்களுக்கு அது உங்கள் பெயரில்தான் போய்ச் சேரும்.